ஸ்டாட்டர் படபடக்கிறதா, இரைகிறதா, நிற்க மறுக்கிறதா: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் வழி

தோட்டக் கிணற்றடியிலோ அரிசி மில்லிலோ மர ஆலையிலோ மோட்டரைத் தொடக்கி நிறுத்தும் ஸ்டாட்டர் பெட்டி பழுதானால் வழக்கமாக நடப்பது இதுதான்: கருகிய கொயிலை (உள்ளே இரும்பை இழுத்துப் பிடிக்கும் மின்காந்தச் சுற்றை) கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதே மாதிரி ஒன்று வாங்கிப் போடுவார்கள். கொஞ்ச நாளில் புதுக் கொயிலும் கருகும். ஸ்டாட்டருக்குள் எரிந்து கிடக்கும் பாகம் பலவேளை பழுதின் விளைவுதான். காரணம் வயரிலோ வோல்ற்றேஜிலோ பம்பிலோ இருக்கும். அதனால் இந்தக் குறிப்பு பாகம் பாகமாகப் போகாமல், நீங்கள் காண்கிற, கேட்கிற அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. மீற்றர் வைத்து உறுதிப்படுத்திய பிறகுதான் எதையும் கழற்ற வேண்டும்.

பேசப்போவது 230 வோல்ற் சிங்கிள் பேஸ், 400 வோல்ற் த்ரீ பேஸ் மோட்டர்களின் நேரடி ஸ்டாட்டர்கள் பற்றி, அதாவது முழு வோல்ற்றேஜையும் ஒரேயடியாக மோட்டருக்குக் கொடுப்பவை. பெரிய மோட்டரை முதலில் குறைந்த வோல்ற்றேஜில் தொடக்கிப் பிறகு முழு வோல்ற்றேஜுக்கு மாற்றும் ஸ்டார் டெல்டாவைக் கடைசியில் பார்க்கலாம்.

கை வைக்க முன்

மெயின் சுவிட்சை இறக்கினால் மட்டும் போதாது. பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுங்கள், அல்லது எம்.சி.பி.யைப் பூட்டுங்கள். கிணற்றடியில் நீங்கள் குனிந்திருக்க, வீட்டில் ஒருவர் "ஏன் கரண்ட் இல்லை" என்று சுவிட்சைத் தூக்குவது இங்கே புதிதல்ல. பிறகு மீற்றரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்வதைப் பாருங்கள். அடுத்து ஸ்டாட்டரில் பேஸுக்குப் பேஸ், பேஸுக்கு நியூட்ரல், பேஸுக்கு எர்த் என்று எல்லாம் பூச்சியம்தானா என்று பாருங்கள். முடிவில் மீண்டும் உயிருள்ள இடத்தில் வைத்து மீற்றர் இன்னும் சரிதானா என்று பாருங்கள். ஜெனறேற்றர் மாற்றுச் சுவிட்ச், மிதவைச் சுவிட்ச் போன்றவற்றின் வழியாக வேறோர் இடத்திலிருந்தும் கட்டுப்பாட்டு வயருக்குக் கரண்ட் வரலாம். அதையும் தேடிப் பாருங்கள்.

சிங்கிள் பேஸ் பெட்டியென்றால் உள்ளே கப்பாசிற்றர் இருக்கும். அதை ஸ்குறூட்ரைவரால் குறுக்கிப் பொறி பறக்க விட வேண்டாம். 230 வோல்ற் குமிழ் விளக்கொன்றை இரு முனைக்கும் குறுக்கே சில விநாடி பிடித்தால் அடங்கிவிடும்.

உயிரோடு அளக்க வேண்டிய சில சோதனைகள் கீழே வருகின்றன. காலில் காய்ந்த செருப்பு, நிற்குமிடம் காய்ந்த தரை, பெட்டியைத் தொடாத இடது கை: இவை இல்லாவிட்டால் அந்த வேலையைப் பதிவு பெற்ற மின்வேலைக்காரரிடம் விடுங்கள். மின்சார சபையின் மீற்றர், அதன் முத்திரை, அதற்கு முந்தின பியூஸ் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது.

மல்ரிமீற்றர், கிளாம்ப் மீற்றர், சரியான அளவு ஸ்குறூட்ரைவர், சின்னப் பிரஷ், எண்ணெய்ப் பசை விடாத கொன்டாக்ட் கிளீனர் இருந்தால் போதும். ரெஸ்ரர் விளக்கை மட்டும் நம்பித் தேடாதீர்கள். 160 வோல்ற்றிலும் அது எரியும். அந்த 160 தான் உங்கள் பழுதாக இருக்கும்.

பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை

நேரடி ஸ்டாட்டரின் கட்டுப்பாட்டுக் கரண்ட் ஒரே ஒழுங்கையில் போகிறது: பேஸ், ஓவர்லோடின் (மோட்டர் மிகையாகக் கரண்ட் எடுத்தால் நிறுத்தும் றிலேயின்) 95, 96 முனைகள், ஸ்டொப் பட்டன், ஸ்டாட் பட்டன், கொயிலின் ஏ1, பிறகு ஏ2 வழியாக நியூட்ரல். 400 வோல்ற் கொயில் என்றால் நியூட்ரலுக்குப் பதில் இன்னொரு பேஸ். கொயில் இழுத்தால் மூடி மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்தான் கொன்டாக்டர்; அதில் தொட்டு விலகும் முனைகள் பொயின்ற். ஸ்டாட் பட்டனுக்குப் பக்கவாட்டில் கொன்டாக்டரின் 13, 14 பிடிமானப் பொயின்ற் சேர்ந்திருக்கும், பட்டனை விட்டபின்னும் கொயிலைப் பிடித்து வைப்பது அதுதான். சில தயாரிப்புகளில் வரிசை மாறி, ஓவர்லோட் பொயின்ற் ஏ2 பக்கம் இருக்கும். அதற்கேற்ப நடந்துகொள்ளுங்கள்.

முதலில் ஓவர்லோடின் ரீசெற் பட்டனை அழுத்துங்கள். இந்த அறிகுறியோடு வருகிற ஸ்டாட்டர்களில் கணிசமானவை இதோடு முடிந்துவிடும். ஆனால் அது ஏன் ட்ரிப் ஆனது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே ஓவர்லோட் பகுதிக்குப் போங்கள்.

ரீசெற் பலிக்கவில்லையென்றால் மீற்றரின் ஒரு கம்பியை நியூட்ரலில் நிறுத்தி, மற்றதை 95, 96, ஸ்டொப்பின் உள், ஸ்டொப்பின் வெளி, ஸ்டாட்டின் உள் என்று நகர்த்துங்கள். 230 எங்கே காணாமல் போகிறதோ, பழுது அந்தக் கடைசி அடியில் இருக்கிறது. ஸ்டாட்டை அழுத்திப் பிடிக்கும்போது ஏ1, ஏ2க்கு நடுவே முழு வோல்ற்றேஜும் வந்தும் கொயில் அசையவில்லையென்றால் கொயில் அறுந்துவிட்டது, அல்லது இரும்பு எங்கோ சிக்கியிருக்கிறது. கரண்டை நிறுத்திவிட்டுக் கொயிலின் ஓம் அளவைப் பாருங்கள். சிறிய 230 வோல்ற் கொயில்களில் பொதுவாகச் சில நூறு ஓம் காட்டும். அதே அளவு 400 வோல்ற் கொயிலில் ஏறக்குறைய மூன்று மடங்கு. முடிவில்லாமல் காட்டினால் அறுந்தது, சில ஓம்கள் மட்டும் காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டன.

ஊர்காவற்றுறை, காரைநகர், குருநகர் போன்ற கடலோரங்களில் அறுந்த கொயிலைவிடப் பச்சை பூத்த முனைகளே அதிகம். ஸ்டொப் பட்டனின் பித்தளைப் பொயின்ற்றில் உப்புப் படிந்து, மீற்றரில் 230 காட்டும், சுமை வந்தவுடன் விழுந்துவிடும். அதனால்தான் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொயில் முனையில் அளக்கச் சொல்கிறோம்.

அழுத்தும்வரை ஓடுகிறது, விட்டால் நிற்கிறது

13, 14 பிடிமானப் பொயின்ற் பிடிக்கவில்லை. ஒன்றில் வயர் கழன்றிருக்கும், அல்லது பொயின்ற்றில் தூசி. வலிகாமத்துச் செம்மண் சோளகக் காற்றில் மாவாகப் பறந்து எந்த மூடியையும் தாண்டி உள்ளே வரும். கிளீனர் அடித்து, கொன்டாக்டரைக் கையால் பத்துத் தடவை அழுத்தி விட்டால் பெரும்பாலும் சரியாகும். தலையில் பொருத்துகிற துணைப் பொயின்ற் கட்டை என்றால் அதை மட்டும் கழற்றிப் புதிது போடலாம், கொன்டாக்டரை மாற்றத் தேவையில்லை.

படபடவென்று அடிக்கிறது

மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். கொன்டாக்டரைக் கொல்வது இதுதான். ஒவ்வொரு அடியிலும் மோட்டரின் தொடக்க ஓட்டம், அதாவது ஓடும் அளவைப் போல ஐந்து ஆறு மடங்கு, பொயின்ற்றின் மேல் பொறியாக வெடிக்கிறது. அரை நிமிடப் படபடப்பு பல மாத ஓட்டத்தின் தேய்மானத்தைச் செய்துவிடும். முடிவில் பொயின்ற் ஒட்டிப்போகும்.

கொன்டாக்டர் கொயில்களுக்கு ஐ.இ.சி. 60947-4-1 என்ற சர்வதேச மின்தரம் சொல்வது: குறித்த வோல்ற்றேஜின் 85 முதல் 110 சதவீதத்துக்குள் இழுக்க வேண்டும், 75 முதல் 20 சதவீதத்துக்குள் விட வேண்டும். 230 வோல்ற் கொயிலுக்கு இழுக்க ஏறக்குறைய 195 தேவை. 172க்குக் கீழே போனால் அது எப்போதும் விட்டுவிடலாம், குற்றம் சொல்ல முடியாது.

இப்போது ஒரு தோட்டக் கணக்கைப் பார்ப்போம். வீட்டிலிருந்து கிணறு 100 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர். 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டர், ஓடும்போது 10 அம்பியர். அந்த வயர் போக வர 200 மீற்றர்; தடை சுமார் 1.5 ஓம். ஓடும்போது 15 வோல்ற் விழும், அது பொறுக்கக்கூடியது. தொடங்கும் கணத்தில் மோட்டர் 50 அம்பியர் கேட்கும். வோல்ற்றேஜ் விழ விழ ஓட்டமும் குறையும் என்பதால் உண்மையில் 38 அம்பியர் அளவில் நிற்கும். வயரில் மட்டும் 55 வோல்ற்றுக்கு மேல் போய்விடும். மெயினில் 230 இருக்கும் காலையில் ஸ்டாட்டருக்கு 174 கிடைக்கும், மயிரிழையில் தப்பும். மாலையில் மெயினே 215 என்றால் ஸ்டாட்டருக்கு 163. கொன்டாக்டர் இழுக்கும், மோட்டர் கரண்ட் எடுத்தவுடன் விடும், விட்டதும் வோல்ற்றேஜ் ஏறும், மீண்டும் இழுக்கும். படபடப்பு என்பது இதுதான். "காலையில் நல்லா ஓடினது, பின்னேரம் அடிக்குது" என்ற முறைப்பாட்டின் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்கும்.

அதே இடத்தில் 6 சதுர மில்லிமீற்றர் வயர் இருந்தால் 215இலும் 190 கிடைக்கும், கொன்டாக்டர் விடாது. 4 சதுர மில்லிமீற்றரில் 179. ஓடுமே தவிர, அடுத்த வருடம் ஒரு முனை தளர்ந்தால் பழையபடிதான்.

உறுதிப்படுத்தும் வழி: மல்ரிமீற்றரைக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கிற நிலையில் வைத்து, ஏ1, ஏ2க்குக் குறுக்கே பிடித்தபடி ஸ்டாட் செய்யுங்கள். 172க்குக் கீழே இறங்கினால் கொயிலில் குற்றமில்லை. அடுத்து அதே சோதனையை மெயின் சுவிட்சின் முனையில் செய்யுங்கள். அங்கேயும் இறங்கினால் சபையின் லைன் பலவீனம், அல்லது மெயினில் தளர்ந்த இணைப்பு. மெயினில் நின்று ஸ்டாட்டரில் இறங்கினால் உங்கள் வயர்தான். நிலத்துக்குள் துணி சுற்றி முறுக்கிய இணைப்பு ஏதும் இருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். அநேகமாக இருக்கும்.

ஸ்டாட் பட்டன் உள்ள ஸ்டாட்டர் கையை எடுத்தவுடன் நின்றுவிடும், சேதம் குறைவு. தாங்கிக்கு ஏற்றும் மோட்டரில் மிதவைச் சுவிட்ச் நேரடியாகக் கொயிலோடு இருந்தால் யாரும் பார்க்காத நேரத்தில் அது ஒட்டும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் குறை வோல்ற்றேஜ் காவல் றிலே ஒன்றும், கரண்ட் வந்தபின் சில நிமிடம் காத்துத் தொடங்கும் ரைமர் ஒன்றும் போடுவது கொன்டாக்டர் விலையைவிட லாபம்.

படபடப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. கட்டுப்பாட்டு வயரில் தளர்ந்த முனை, தேய்ந்த மிதவைச் சுவிட்ச், பிழையான கொயில். கடைசியானது இங்கே அடிக்கடி நடக்கிறது. இந்தியத் தயாரிப்புகள் பலவற்றில் கொயிலில் 415 வோல்ற் என்று அச்சிட்டிருக்கும். அது உறுதியாக இழுக்க 353 தேவை. 400 வோல்ற் கொயிலுக்கு 340 போதும். லைன் கடைசியில் இருக்கிற தோட்டத்துக்கு இந்த 13 வோல்ற் பெரிய வித்தியாசம்.

பாவித்த ஜப்பான் இயந்திரங்களோடு வரும் கொன்டாக்டர்களில் 200 வோல்ற் கொயில் வழமை. அது நமது 230இல் 15 சதவீதம் மிகையாக ஓடி, சூடேறி, சில மாதத்தில் கருகும். கொயிலில் 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நமது 50 ஹேர்ட்ஸில் போடவே வேண்டாம்.

இழுத்துப் பிடித்தபடி இரைகிறது

படபடப்பு வேறு, இரைச்சல் வேறு. இங்கே கொன்டாக்டர் மூடியிருக்கும், ஆனால் "ம்ம்ம்" என்று அதிரும். ஏசி கரண்ட் விநாடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் இரும்பு விடுபடாமல் இருக்க, அதன் முகத்தில் செம்பு வளையம் ஒன்று பதித்திருப்பார்கள். அது வெடித்தால் இரைச்சல் நிரந்தரம். திறந்து பார்த்தால் மயிர் போன்ற வெடிப்பு ஒரு மூலையில் தெரியும். ஒட்டிப் பயனில்லை, இரும்புத் தொகுதியையோ முழுக் கொன்டாக்டரையோ மாற்ற வேண்டும்.

வளையம் நல்லாக இருந்தால் இரண்டு இரும்பு முகங்களுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது: துரு, செம்மண், நசுங்கிய எறும்பு, பல்லியின் வால். மாரி தொடங்கும்போது பல்லியும் எறும்பும் இளஞ்சூடான ஸ்டாட்டர் பெட்டியைத் தேடி வரும். குளவி கட்டும் மண்கூடு நகரும் பகுதியையே இறுக்கிவிடும். உலர்ந்த துணியால் முகங்களைத் துடையுங்கள். புதுக் கொன்டாக்டரில் துருப்பிடிக்காமல் பூசிய மெல்லிய எண்ணெய் இருந்தால் அதையும் துடையுங்கள், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

அரத்தால் ராவாதீர்கள். ஆங்கில E எழுத்து வடிவ இரும்பின் நடுக்காலில் தாளளவு இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். கரண்ட் நின்ற பின் மிஞ்சும் காந்தம் இரும்பைப் பிடித்து வைக்காமல் இருக்கவே அது. வெளிக்கால்களை ராவினால் அந்த இடைவெளி மறைந்து, இரைச்சல் போய், ஸ்டொப் அழுத்தினாலும் நிற்காத கொன்டாக்டர் கிடைக்கும்.

இரும்பு முழுதாக மூடாமல் இருப்பது கொயிலுக்கும் கொள்ளி. உதாரணமாக 9 அம்பியர் வகைக் கொயில் இழுக்கும் கணத்தில் 70 வோல்ற் அம்பியர் அளவில் எடுத்து, மூடியதும் 7இல் அடங்கும். மூடாவிட்டால் அந்தப் பத்து மடங்கு ஓட்டம் அடங்காமல் நிற்கும், சில நிமிடத்தில் புகை வரும். கொயில் கருகிக் கிடந்தால் புதிதைப் போட முன் நகரும் பகுதியை விரலால் அழுத்தி விடுங்கள். தடையில்லாமல் போய்த் தடையில்லாமல் திரும்ப வேண்டும்.

மூன்று பேஸில் 230 வோல்ற் கொயில் கருகியிருந்தால் நியூட்ரலையும் சந்தேகியுங்கள். நியூட்ரல் அறுந்தால் சுமை குறைந்த பேஸில் வோல்ற்றேஜ் 300ஐயும் தாண்டலாம். அந்த நேரம் வீட்டு விளக்குகளில் சில மங்கி, சில பளிச்சென்று எரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

ஸ்டொப் அழுத்தியும் மோட்டர் நிற்கவில்லை

உடனே மெயினை இறக்குங்கள். இறக்கிய பிறகு கொன்டாக்டர் வெளியே வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பொயின்ற் ஒட்டியிருக்கிறது, அல்லது இரும்பு ஒட்டியிருக்கிறது. வந்துவிட்டதென்றால் பழுது பட்டன் பக்கம்: ஸ்டொப் பொயின்ற் ஒட்டியிருக்கும், அல்லது மழைநீர் புகுந்த பட்டன் பெட்டி. கிணற்றுக் கட்டில் பொருத்திய பட்டன் பெட்டிக்குள் மாரியில் நீர் நின்றால் கசியும் ஓட்டமே சிறிய கொயிலைப் பிடித்து வைக்கப் போதும்.

ஒட்டிய பொயின்ற்றை ஸ்குறூட்ரைவரால் தட்டிப் பிரித்து மீண்டும் ஓடவிடுவது மிக ஆபத்தான பழக்கம். ஒரு முனை மட்டும் ஒட்டி மற்ற இரண்டும் விட்டால் மோட்டர் நிற்கும், ஆனால் அதன் முனையில் கரண்ட் இருக்கும். பம்பைத் தொடுபவருக்கு அது தெரியாது.

பொயின்ற் ஒட்டியதன் காரணத்தைத் தேடுங்கள்: மேலே சொன்ன படபடப்பு, மோட்டருக்குள் ஷோர்ட், அல்லது சின்னக் கொன்டாக்டர். கொன்டாக்டர் உடலில் இரண்டு அம்பியர் அளவுகள் இருக்கும். ஏசி-1 என்பது ஹீற்றர் போன்ற சுமைக்கு. ஏசி-3 என்பது மோட்டருக்கு. ஏசி-3இல் 9 அம்பியரான கொன்டாக்டரில் ஏசி-1 என்று 25 அம்பியர் இருக்கும். அந்த 25ஐப் பார்த்து 15 அம்பியர் மோட்டருக்கு வாங்கிப் போட்டால் ஒட்டாமல் என்ன செய்யும். மர ஆலையில் சிறிது சிறிதாகத் தட்டித் தட்டி ஓட்டுகிற வேலை ஏசி-4 வகை. அங்கே ஏசி-3 அளவையும் ஒரு படி மேலே எடுக்க வேண்டும்.

ஓவர்லோட் அடிக்கடி ட்ரிப் ஆகிறது

டயலைத் திருப்பிக் கூட்டாதீர்கள். முதலில் மோட்டர் பெயர்த் தகட்டைப் பாருங்கள். தகடு அழிந்திருந்தால் த்ரீ பேஸில் ஒரு எச்.பி.க்கு ஒன்றரை அம்பியர் என்று உத்தேசமாக வைக்கலாம்: 5 எச்.பி.க்கு 7.5 முதல் 8, 7.5 எச்.பி.க்கு 11, 10 எச்.பி.க்கு 15. டயல் அந்தத் தகட்டு அளவில் இருக்க வேண்டும், ஒரு கோடு கூட மேலே வேண்டாம்.

அடுத்து கிளாம்ப் மீற்றரால் மூன்று பேஸிலும் ஓடும் அம்பியரை அளவுங்கள். மூன்று கேள்விகள்தான்.

மூன்றும் சமமாக, தகட்டுக்குள் இருந்தும் ட்ரிப் ஆகிறதா? ஓவர்லோடின் முனையொன்று தளர்ந்து அந்தச் சூடு உள்ளே போகிறது, அல்லது தகரக் கொட்டிலில் மதிய வெயில், அல்லது அடிக்கடி நிறுத்தித் தொடங்குகிறார்கள், அல்லது றிலே தளர்ந்துவிட்டது. முனைகளை இறுக்கிவிட்டும் இருந்தால் றிலேயை மாற்றலாம்.

ஒரு பேஸில் பூச்சியம், மற்ற இரண்டிலும் மிகையா? ஒரு பேஸ் போய்விட்டது. இரண்டு பேஸில் ஓடும் மோட்டர் அதே சுமைக்கு 1.7 மடங்கு எடுக்கும். கொயிலுக்குத் தொடர்பில்லாத பேஸ் போனால் கொன்டாக்டர் விழாது, ஓவர்லோட்தான் காக்க வேண்டும். காத்ததற்கு அதைத் திட்டாமல் பியூஸ், மெயின், கொன்டாக்டர் பொயின்ற் என்று மேலிருந்து தேடிக்கொண்டு வாருங்கள்.

மூன்றும் சமமாக, ஆனால் தகட்டுக்கு மேலேயா? சுமை கூடியிருக்கிறது. பெயரிங், அச்சு, இறுகிய பெல்ற், சுண்ணாம்பு படிந்து உராயும் பம்புச் சில்லு. நமது சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீருக்கு அது இயல்பு.

நிலத்தின் மேல் வைக்கிற மையநீக்கப் பம்பில் ஒரு விசித்திரம் உண்டு. கோடை முழுவதும் ட்ரிப் ஆகாத ஓவர்லோட் மாரி முடிந்து தையில் இறைப்புத் தொடங்கியதும் ட்ரிப் ஆகும். கிணறு நிறைந்து நீர்மட்டம் மேலே வந்ததால் பம்பு தூக்க வேண்டிய உயரம் குறைகிறது. குறைந்தால் தண்ணீர் கூடுதலாக ஓடும், மோட்டரின் சுமையும் ஏறும். நம்பாவிட்டால் வெளியேறும் வால்வைக் கொஞ்சம் மூடிக் கிளாம்ப் மீற்றரைப் பாருங்கள், அம்பியர் இறங்கும். அந்த அளவிலேயே வால்வை விட்டு இறைத்தால் போதும். இதற்காக ஓவர்லோட் மாற்றிக் காசைத் தண்ணீரில் விட வேண்டாம்.

சிங்கிள் பேஸ் மோட்டருக்கு மூன்று முனை ஓவர்லோடைப் பாவித்தால் கரண்ட் மூன்று முனைக்குள்ளும் வரிசையாகப் போய் வர வயரை வளைத்துப் போட வேண்டும். ஒரு முனையை வெறுமையாக விட்டால் பேஸ் போனதாக நினைத்து அது சரியான அம்பியரிலேயே ட்ரிப் ஆகும். "புது றிலேயும் பழுது" என்று திரும்பிக் கடைக்கு வருகிறவற்றில் இதுவும் ஒன்று.

மிதவைச் சுவிட்சுள்ள மோட்டரில் ரீசெற்றைக் கைமுறை நிலையில் வையுங்கள். தானியங்கி நிலையில், றிலே ஆறியவுடன் எரியப்போகிற மோட்டரை அது மீண்டும் மீண்டும் தொடக்கிக் கொடுக்கும்.

ஒரு முனை மட்டும் கருகி, காப்பு உருகியிருக்கிறது

தளர்ந்த ஸ்குறூ, அல்லது தேய்ந்த பொயின்ற். வயர் நுனி கறுத்திருந்தால் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிவிட்டு, கடலோரமென்றால் வயர் நுனியில் மாட்டும் வெள்ளீயம் பூசிய லக்கு அல்லது பெரூல் போட்டு அழுத்துங்கள். இறுக்கமும் அளவோடு: 9 முதல் 18 அம்பியர் வரையான பல கொன்டாக்டர்களில் 1.7 நியூட்டன் மீற்றர், 25 முதல் 38 வரை 2.5. சரியான எண் உடலிலோ தாளிலோ இருக்கும். சுமையோடு ஒரு கிழமை ஓடியபின் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

பொயின்ற்றைத் திறக்காமலே சோதிக்கலாம். மோட்டர் ஓடும்போது மீற்றரை மில்லிவோல்ற்றில் வைத்து ஒரே முனையின் மேலுக்கும் கீழுக்கும், அதாவது 1க்கும் 2க்கும், 3க்கும் 4க்கும், 5க்கும் 6க்கும் அளவுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பல மடங்கு என்றால் அதுதான் குற்றவாளி. கை தவறினால் பேஸுக்குப் பேஸ் குறுக்கும் இடம் இது. பழகாதவர்கள் செய்ய வேண்டாம்.

பொயின்ற் மாற்றுவதா, முழுதாக மாற்றுவதா

9, 12, 18 அம்பியர் கொன்டாக்டர் என்றால் முழுதாக மாற்றுங்கள். பொயின்ற் தொகுதி தேடி அலைகிற கூலிக்குப் புதியதே வந்துவிடும். 40 அம்பியருக்கு மேலே பொயின்ற் தொகுதி மாற்றுவது பொருத்தம். அப்போது மூன்று முனையின் நிலையான பொயின்ற், நகரும் பொயின்ற், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் ஒத்துவராது, மூன்றும் ஒரே கணத்தில் தொடாது.

கறுத்த பொயின்ற் எல்லாம் பழுதான பொயின்ற் அல்ல. மேற்பரப்பு வெள்ளிக் கலவை; அது கறுப்பதும் சிறிது குழிவதும் இயல்பு. எமரித் தாளால் பளபளப்பாக்கினால் வெள்ளிதான் போகும், மிஞ்சும் துகள் புதுக் கீறலைத் தரும். வெள்ளித் தட்டின் அடியில் செம்பு தெரிந்தால், அல்லது தட்டு மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்தால் மாற்றுங்கள். பொயின்ற்றில் கிறீஸ், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள்.

கொயில் மாற்றும்போது பார்க்க வேண்டியவை வோல்ற்றேஜ், ஹேர்ட்ஸ், கொன்டாக்டரின் மாதிரி எண். கழற்ற முன் வயர்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டுங்கள். மூடும்போது ஸ்பிரிங் நேராக உட்கார்ந்ததா, நகரும் இரும்பு கழற்றிய பக்கமே திரும்பிப் போனதா என்று பாருங்கள். தேய்ந்து பழகிய இரண்டு முகங்களைத் திருப்பிப் போட்டால் இரைச்சல் தொடங்கும்.

ஸ்டார் டெல்டாவில் மட்டும்

அரிசி மில்களில் 15 எச்.பி.யிலிருந்து இது வரும். மோட்டர் தகட்டில் டெல்டா 400 என்று இருக்க வேண்டும். 230க்கு டெல்டா, 400க்கு ஸ்டார் என்றிருந்தால் அந்த மோட்டர் நமது லைனில் ஸ்டார் டெல்டாவுக்கு உதவாது.

ஸ்டாரிலிருந்து மாறும் கணத்தில் மெயின் ட்ரிப் ஆனால், ரைமர் குறைவாக இருந்து மோட்டர் வேகம் எடுக்க முன் மாறுகிறது, அல்லது ஸ்டார் பொயின்ற் ஒட்டி மூன்று பேஸும் ஷோர்ட் ஆகிறது, அல்லது ஆறு வயர்களின் ஒழுங்கு மாறியிருக்கிறது. கழற்றிப் பூட்டிய பின் முதன்முறை வந்தால் மூன்றாவதுதான். ரைமர் வழமையாக 5 முதல் 10 விநாடி. அம்பியர் இறங்கி நிலைத்த பிறகு மாறுவதுதான் அளவுகோல். ஸ்டாரும் டெல்டாவும் ஒன்றாக மூடாமல் தடுக்கும் இயந்திரப் பூட்டும் மின்பூட்டும் இரண்டும் இருக்க வேண்டும்.

டெல்டாவுக்கே போகாமல் நின்றால் ரைமரின் பொயின்ற், டெல்டாக் கொயில் என்று பாருங்கள். ஸ்டாரிலேயே சுமையோடு ஓடவிட்டால் இழுவை மூன்றில் ஒரு பங்குதான், மோட்டர் சூடேறி எரியும்.

ஓவர்லோட், மெயின் கொன்டாக்டருக்குப் பின் மோட்டரின் சுற்றுக்குப் போகும் வயரில் இருந்தால் டயலைத் தகட்டு அளவின் 0.58இல் வைக்க வேண்டும்: 22 அம்பியர் மோட்டருக்கு 12.8. மெயின் லைனில் இருந்தால் முழு 22. இது தெரியாமல் 22 வைத்த ஓவர்லோட் எந்த மோட்டரையும் காப்பாற்றாது.

பூட்டிய பிறகு

மோட்டர் வயர் மூன்றையும் கழற்றி வைத்துக்கொண்டு முதலில் கொன்டாக்டரை மட்டும் ஐந்தாறு தடவை இயக்குங்கள். பிடிக்கிறதா, சத்தமில்லாமல் இருக்கிறதா, ஸ்டொப்பில் உடனே விடுகிறதா என்று பாருங்கள். ஓவர்லோடின் ரெஸ்ற் பட்டனை அழுத்தினால் கொன்டாக்டர் விழ வேண்டும். விழாவிட்டால் 95, 96 வழியாகக் கரண்ட் போகவில்லை, எங்கோ குறுக்குவழி போட்டிருக்கிறார்கள். அடுத்து மோட்டரை இணைத்து, சுழலும் திசையைப் பாருங்கள். பம்பு திசைமாறிச் சுழன்றாலும் கொஞ்சம் தண்ணீர் வரும், ஏமாந்துவிடாதீர்கள். வெளிப்பக்க வயர் இரண்டை மாற்றினால் திசை சரியாகும்.

பெட்டியில் வயர் கீழ்ப்பக்கத்தால் நுழைய வேண்டும், மீதித் துளைகளை அடைக்க வேண்டும். கடலோரத்தில் தூசியும் நீரும் புகாத ஐ.பி. 65 பிளாஸ்ரிக் பெட்டி தகரப் பெட்டியைவிட நீடிக்கும். கடைசியாக, மூன்று பேஸின் ஓடும் அம்பியரையும், ஸ்டாட் ஆகும்போது கொயிலில் இறங்கிய குறைந்த வோல்ற்றேஜையும், திகதியையும் மூடியின் உட்புறத்தில் அழியாத பேனையால் எழுதி விடுங்கள். அடுத்த முறை மூடியைத் திறப்பவர் அதிலிருந்து தொடங்கலாம்.